அம்மாள் வந்த வீடும் பக்கத்து வீட்டுப் பிள்ளைத்தாச்சியும்

போன மாசி மாதம் 4ஆம் திகதி பின்னேரம் விசுவமடுவிலிருந்து என் சின்னம்மாவின் மகள் போன் எடுத்தாள். குரலிலேயே பதற்றம் தெரிந்தது.

“அக்கா, பக்கத்து வீட்டுச் சின்னவனுக்கு அம்மாள் வந்திருக்காம். நேற்று முழுக்க என்ர மடியிலதான் கிடந்தவன். நேற்று ஒண்டும் தெரியேல்ல. இண்டைக்குக் காலமைதான் முதுகில ரெண்டு, நெஞ்சில மூண்டு கொப்புளம். வயித்துக்குள்ள இருக்கிறதுக்கு ஏதும் ஆகுமோ?”

அவளுக்கு அப்போது 18ஆவது வாரம். முதல் பிள்ளை. நான் தாதியாக வேலை செய்கிறவள் என்பதால் சொந்தத்தில் யாருக்கு என்ன வருத்தம் என்றாலும் முதல் போன் எனக்குத்தான் வரும். அன்று அவளுக்குச் சொன்னதையும், அவசரத்தில் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து ஆறுதலாக எழுதி வைக்கிறேன். கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வவுனியாவிலோ மன்னாரிலோ இதே கேள்வியோடு ஒரு பிள்ளைத்தாச்சி இன்றைக்கும் இருப்பாள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொப்புளிப்பான் (சின்னம்மை) என்கிற இந்த வருத்தத்தில் எல்லாமே நாள் கணக்குத்தான். வருத்தக்காரரோடு பழகி எத்தனை நாள், கொப்புளம் போட்டு எத்தனை மணித்தியாலம், வயிற்றுப்பிள்ளைக்கு எத்தனை வாரம், பிறக்க இன்னும் எத்தனை நாள். இந்த நாலையும் விளங்கிக்கொண்டால் பயம் பாதியாகக் குறைந்துவிடும். எப்போது ஓட வேண்டும், எப்போது பொறுத்திருக்கலாம் என்பதும் தெரியும்.

பெயரிலேயே குழப்பம்

எங்கள் பக்கத்தில் இதைக் கொப்புளிப்பான் என்கிறோம். பொக்குளிப்பான் என்பவர்களும் உண்டு. பெரியவர்கள் அந்தப் பெயரையும் சொல்லமாட்டார்கள், ‘அம்மாள்’ என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். அந்த மரியாதையில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் உடம்பில் புள்ளி போட்டு வருகிற காய்ச்சல் எல்லாமே எங்களுக்கு அம்மாளாகிவிடுவதுதான் சிக்கல். சின்னமுத்தும் அம்மாள், கொப்புளிப்பானும் அம்மாள், ஜேர்மன் சின்னமுத்து என்கிற ருபெல்லாவும் அம்மாள். மூன்றும் மூன்று வைரஸ். ஒன்று வந்து போனால் மற்றதிலிருந்து பாதுகாப்புக் கிடையாது.

போனில் வீடியோ பார்ப்பவர்களுக்கு இன்னொரு குழப்பம். தமிழ்நாட்டு டொக்டர்மார் ‘சின்னம்மை’ என்றால் அது எங்கள் கொப்புளிப்பான். அவர்கள் ‘தட்டம்மை’ என்பதுதான் எங்கள் சின்னமுத்து. சின்னம்மையைச் சின்னமுத்து என்று நினைத்துக்கொண்டு, “எனக்குத்தான் சின்னனில ஊசி போட்டதே” என்று நிம்மதியாக இருந்த ஒரு தாயை நான் கண்டிருக்கிறேன். இலங்கையில் பிள்ளைகளுக்கு 9ஆம் மாதத்திலும் 3 வயதிலும் போடுகிற எம்.எம்.ஆர் ஊசி சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா ஆகிய மூன்றுக்குமானது. கொப்புளிப்பான் அதில் இல்லை.

கொப்புளிப்பானைக் கண்ணால் பிடிக்கலாம். முதலில் சிவந்த புள்ளி, சில மணித்தியாலத்தில் அதன் மேல் பனித்துளி விழுந்ததுபோல ஒரு நீர்க்கொப்புளம், பிறகு அது மங்கி, நடுவில் குழிந்து, பொருக்காகும். நெஞ்சு, முதுகு, முகம் என்று தொடங்கிப் பரவும். ஒரே முதுகில் புதுப் புள்ளியும் நீர்க்கொப்புளமும் காய்ந்த பொருக்கும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அநேகமாக இதுதான். தலைமயிருக்குள்ளும் தேடிப் பாருங்கள், அங்கேயும் இருக்கும். சின்னமுத்தில் நீர் கட்டாது. கண் சிவந்து, மூக்கு வடிந்து, இருமலோடு செந்தடிப்பாக வரும்.

ருபெல்லாவைப் பற்றி இந்த இடத்தில் இரண்டு வரி. 1941இல் நோர்மன் கிரெக் என்ற அவுஸ்திரேலியக் கண் வைத்தியர்தான், கண்ணில் வெண்படலத்தோடு பிறந்த பிள்ளைகளின் தாய்மாருக்குக் கர்ப்பத்தின் தொடக்கத்தில் இந்த வருத்தம் வந்திருந்ததைக் கவனித்துச் சொன்னவர். முதல் 12 வாரத்துக்குள் ருபெல்லா வந்தால் பத்தில் எட்டு ஒன்பது பிள்ளைகளுக்குக் கண், காது, இதயம் என்று ஏதோவொரு பாதிப்பு வரும். கொப்புளிப்பானைவிட அது மிக மோசம். தடுப்பூசியின் புண்ணியத்தில் 2020இல் இலங்கை ருபெல்லாவை ஒழித்த நாடாக அறிவிக்கப்பட்டது. அதனால் இன்று எங்கள் ஊரில் ஒரு பிள்ளைத்தாச்சி நேருக்கு நேர் சந்திக்கக்கூடியது பெரும்பாலும் கொப்புளிப்பானைத்தான்.

எப்படித் தொற்றுகிறது

வைரஸ் மூச்சுக்காற்றோடும், கொப்புளத்து நீரோடும் பரவும். மூக்கு, தொண்டை வழியாக உள்ளே போய், உடம்புக்குள் சத்தமில்லாமல் பெருகி, 10 நாளிலிருந்து 21 நாளுக்குள் வெளியே தெரியும். பலருக்கு இரண்டு கிழமையில் தெரியும். கொப்புளம் போடுவதற்கு ஒன்றிரண்டு நாள் முதலே அவர் மற்றவருக்குத் தொற்றவைக்கத் தொடங்கிவிடுவார் என்பதைத்தான் பலர் நம்பமாட்டார்கள். என் தங்கச்சியின் மடியில் கிடந்தபோது சின்னவனின் உடம்பில் ஒரு புள்ளியும் இல்லை. ஆனால் அவன் மூச்சில் வைரஸ் இருந்தது. கடைசிக் கொப்புளமும் பொருக்காகும் வரை, அதாவது கொப்புளம் போட்டு ஏறக்குறைய ஐந்தாறு நாள் வரை தொற்றும்.

எவ்வளவு நேரம் பக்கத்தில் இருந்தால் தொற்றும்? ஒரே அறையில் 15 நிமிடம், அல்லது முகத்துக்கு முகம் பார்த்துக் கதைத்த அளவு போதும் என்றுதான் வைத்தியர்கள் கணக்கெடுப்பார்கள். படலையில் நின்று எட்டத்தில் இரண்டு வார்த்தை கதைத்தது அதற்குள் வராது. பஸ்ஸில் பரந்தனிலிருந்து புதுக்குடியிருப்பு வரை பக்கத்து சீற்றில் இருந்தால் அது வரும்.

ஒருமுறை வந்து மாறினால் பெரும்பாலானவர்களுக்கு வாழ்நாள் முழுக்க மறுபடி கொப்புளிப்பான் வராது. இரத்தத்தில் அதற்கான பிறபொருளெதிரி, அதாவது வைரசை எதிர்க்கிற காவல், நின்றுவிடும். ஆனால் வைரஸ் உடம்பை விட்டுப் போவதில்லை. முள்ளந்தண்டுக்குப் பக்கத்தில் நரம்பின் அடியில் ஒளிந்து கிடக்கும். வயது போன காலத்தில் அது எழும்பி, உடம்பின் ஒரு பக்கத்தில் பட்டியாகக் கொப்புளம் போட்டால் அதுதான் அக்கி. கர்ப்பிணிக்கே அக்கி வந்தால் பயப்பட வேண்டுமா என்று கேட்பார்கள். ஜேர்மனியிலும் பிரித்தானியாவிலும் தாய்மாரைப் பின்தொடர்ந்து 1994இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், கர்ப்ப காலத்தில் அக்கி வந்த 366 பேரில் ஒருவருடைய பிள்ளைக்கும் அதனால் குறை வரவில்லை. தாயின் இரத்தத்தில் ஏற்கனவே காவல் இருப்பதுதான் காரணம்.

தடுப்பூசி போடாத குளிர் நாடுகளில் சின்ன வயதிலேயே அநேகமான பிள்ளைகளுக்குக் கொப்புளிப்பான் வந்து போய்விடும். எங்களைப்போல வெப்ப நாடுகளில் அப்படியில்லை. வளர்ந்து, கலியாணம் கட்டி, வயிற்றில் பிள்ளை வரும் வரையும் இது வராதவர்கள் இங்கே நிறைய. அதனால்தான் வெளிநாட்டிலிருக்கும் அக்காமார் “அது எல்லாருக்கும் சின்னனிலயே வந்திருக்கும், பயப்பிடாதை” என்று சொல்வதை வன்னியில் அப்படியே எடுத்துக்கொள்ள ஏலாது.

சின்னனில் வந்ததா?

என் தங்கச்சியிடம் நான் கேட்ட முதல் கேள்வி இதுதான். “அம்மாவைக் கேள், உனக்குச் சின்னனில வந்ததோ?”

வேறு இடங்களில் இது லேசான கேள்வி. எங்கள் ஊரில் இதற்குள்ளும் யுத்தம் இருக்கிறது. இப்போது பிள்ளை பெறும் வயதில் இருக்கிறவர்களில் பலர் 2009இல் சின்னப்பிள்ளைகள். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து ஓடியதில் சுகாதார அட்டை எங்கே போனதென்று தெரியாது. எந்த ஊசி எப்போது போட்டது என்பதற்கு அம்மாவின் ஞாபகத்தைத் தவிர வேறு பதிவு பலரிடம் இல்லை. செட்டிகுளம் முகாம்களில் நெருக்கமாகக் கிடந்தபோது கூடாரத்துக்குக் கூடாரம் கொப்புளிப்பான் பரவியது. அப்போது ஏழு வயதான என் தங்கச்சிக்கும் ஏதோ வந்தது. சின்னம்மாவுக்குக் காய்ச்சல் ஞாபகம், புள்ளி ஞாபகம். ஆனால் நீர் கட்டியதா, இல்லையா? “அந்த நேரம் ஆர் பிள்ளை அதைப் பாத்தது” என்றார். அதற்குமேல் அவரிடம் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

பிறகுதான் எனக்கு ஒன்று யோசனை வந்தது. “உன்ர நெத்தியில, வலது புருவத்துக்கு மேல, ஒரு சின்னக் குழி இருக்கெல்லோ?” என்றேன். கண்ணாடிக்கு முன் போய் நின்று, “ஓம் அக்கா, இருக்கு” என்றாள். கொப்புளிப்பானில் நகத்தால் பிய்த்த பொருக்கு அப்படி வட்டமாக, அரிசியின் முனை அளவில் ஒரு குழியை விட்டுப் போவதுண்டு. சின்னமுத்து அப்படிக் குழி விடாது. அது நல்ல அடையாளம்தான், ஆனால் முடிவு சொல்லப் போதாது. முடிவு சொல்வது இரத்தப் பரிசோதனை. ஐ.ஜி.ஜி பிறபொருளெதிரி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால் தாய்க்கும் பயமில்லை, வயிற்றுப்பிள்ளைக்கும் பயமில்லை.

நாட்காட்டியை எடுத்து வையுங்கள்

பரிசோதனை முடிவு வரும்வரை சும்மா இருக்கவும் கூடாது. சுவரில் தொங்கும் நாட்காட்டியைக் கழற்றி மேசையில் வைக்கச் சொன்னேன். சின்னவனை மடியில் வைத்திருந்தது 3ஆம் திகதி. அதை வட்டமிடச் சொன்னேன். அதிலிருந்து பத்து நாள் எண்ணினால் 13. இருபத்தொரு நாள் எண்ணினால் 24. வருத்தம் வருவதானால் 13க்கும் 24க்கும் இடையில்தான் வரும். 24 தாண்டிவிட்டால் அந்தத் தொடர்பைப் பற்றிய கவலை முடிந்தது.

13ஆம் திகதிக்கு இன்னொரு முக்கியத்துவமும் உண்டு. பிறபொருளெதிரி இல்லாத கர்ப்பிணிக்கு, மற்றவர்களின் இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த காவலை, அதாவது இம்யூனோகுளோபுலினை, ஊசியாகக் கொடுக்கும் முறை இருக்கிறது. தொடர்பு ஏற்பட்டு பத்து நாளுக்குள் கொடுத்தால்தான் அது பயன். வருத்தம் வெளிப்பட்ட பிறகு கொடுத்துப் பலனில்லை. சில நாடுகளில் இப்போது ஊசிக்குப் பதிலாக, தொடர்பின் 7ஆம் நாளிலிருந்து 14ஆம் நாள் வரை அசைக்குளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்புக் குளிசை கொடுக்கிறார்கள். உங்களுக்கு எது, எது தேவையில்லை என்பதை வைத்தியர்தான் சொல்ல வேண்டும். பார்மசியில் நீங்களே கேட்டு வாங்குகிற விஷயம் இல்லை. ஆனால் நீங்கள் இரண்டு கிழமை கழித்துப் போனால் அவர் கையில் இருந்த வழிகள் எல்லாம் போய்விட்டிருக்கும்.

ஆகவே தெரிந்த அன்றே குடும்பநல உத்தியோகத்தருக்கு, எங்கள் பேச்சில் மிட்வைஃபுக்கு, போன் எடுங்கள். போன் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நேரே கிளினிக்குக்குப் போய் வாங்கில் உட்கார்ந்தால், நீங்கள் தொற்றோடு இருந்தால், பக்கத்தில் திரிபோசா சத்துமாவுக்குக் காத்திருக்கும் இன்னும் இருபது வயிறுகளுக்கு அது போகும். தொடர்பு ஏற்பட்ட 8ஆம் நாளிலிருந்து 21ஆம் நாள் வரை மற்றக் கர்ப்பிணிகளோடும் பச்சைப்பிள்ளைகளோடும் சேர்ந்து இருக்கக் கூடாது. முன்கூட்டியே சொன்னால் தனியாகக் கூப்பிட்டுப் பார்ப்பார்கள்.

தாய்க்கு என்ன ஆபத்து

எல்லாரும் வயிற்றுப்பிள்ளையைப் பற்றித்தான் கேட்பார்கள். தாயைப் பற்றி யாரும் கேட்பதில்லை. எனக்கு இதில் எப்போதும் ஒரு கவலை, ஏனென்றால் கொப்புளிப்பானில் எண்ணிக்கைப்படி கூடிய ஆபத்து தாய்க்குத்தான்.

சின்னப்பிள்ளைக்கு இது ஒரு கிழமைக் கடியோடு போய்விடும். வளர்ந்தவருக்குக் கடுமையாக வரும், கர்ப்பிணிக்கு இன்னும் கடுமையாக வரலாம். கர்ப்பத்தில் வைரசை எதிர்க்கிற சக்தியின் ஒரு பகுதி கொஞ்சம் தணிந்திருக்கும். கடைசி மாதங்களில் கர்ப்பப்பை மேலே தள்ளுவதால் நுரையீரல் விரிய இடமும் குறையும். வைரஸ் நுரையீரலுக்கு இறங்கினால் நியுமோனியா. கொப்புளிப்பான் வந்த கர்ப்பிணிகளில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு வரை இந்த நியுமோனியா வரலாம். நேரத்துக்குச் சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலும் சுகமாகிவிடுவார்கள். வீட்டில் வைத்திருந்தால் உயிருக்கே ஆபத்து. தொய்வு உள்ளவர்கள், ஸ்டீரொயிட் குளிசை எடுப்பவர்கள், 20 வாரம் தாண்டியவர்கள் கூடுதல் கவனம்.

கொப்புளம் போட்ட மூன்றாம், நாலாம், ஐந்தாம் நாள்களில் நன்றாகக் கவனிக்க வேண்டும். புதுக் கொப்புளம் குறைகிறதே என்று வீட்டார் ஆறுதல்படுகிற நேரம் அது. இருமல் தொடங்குகிறதா, நடந்தால் மூச்சு வாங்குகிறதா, ஒரு வசனத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் நடுவில் மூச்சு எடுக்கிறாளா, நெஞ்சு நோகிறதா? தாங்க முடியாத தலையிடி, விடாத சத்தி, நித்திரை மயக்கம், கொப்புளத்துக்குள் இரத்தம், உடம்பில் எங்காவது இரத்தக் கசிவு, பிள்ளையின் துடிப்புக் குறைவு, இதில் எது இருந்தாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள். 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். கூப்பிடும்போதே “கர்ப்பிணி, கொப்புளிப்பான்” என்று சொல்லிவிடுங்கள். அப்போது ஆஸ்பத்திரியில் தனி இடம் ஒதுக்கி வைப்பார்கள்.

மருந்து அசைக்குளோவிர். வைரஸ் பெருகுவதைத் தடுப்பது. கொப்புளம் போட்ட முதல் 24 மணித்தியாலத்துக்குள் தொடங்கினால்தான் குளிசையின் முழுப் பலன். 20 வாரம் கடந்த தாய்க்கு இதைத் தயங்காமல் கொடுப்பார்கள். அதற்கு முன்பென்றால் வைத்தியர் யோசித்து முடிவெடுப்பார். பல வருடமாகக் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்து வருகிற மருந்து. அதனால் பிள்ளைகளுக்குக் குறை கூடியதாகத் தெரியவரவில்லை. நியுமோனியா என்றால் ஆஸ்பத்திரியில் நரம்பு வழியாக ஏற்றுவார்கள்.

காய்ச்சலுக்குப் பனடோல் போதும். புரூஃபன், டைக்ளோஃபெனக் போன்ற நோக்குளிசைகள் வேண்டாம். கொப்புளிப்பானில் அவை தோலில் கடும் கிருமித்தொற்றோடு சேர்த்துப் பேசப்படுபவை. டெங்குவாக இருந்துவிட்டால் இரத்தக் கசிவைக் கூட்டுபவையும் அவைதான். இதையும் நினைவில் வையுங்கள்: மாரி முடிந்த காலத்தில் எங்கள் பக்கத்தில் டெங்கு உண்டு. கொப்புளம் வருமுன் வெறும் காய்ச்சலாக இருக்கும்போது எது எதென்று வீட்டில் சொல்ல முடியாது. கர்ப்பிணிக்குக் காய்ச்சல் என்றால் மூன்று நாள் பார்ப்போம் என்ற கதையே வேண்டாம், முதல் நாளே காட்டுங்கள்.

வயிற்றுப்பிள்ளைக்கு

இனி என் தங்கச்சியின் கேள்வி. தாய்க்கு வந்தால் பிள்ளைக்கு என்ன ஆகும்?

கர்ப்பம் கலைந்துவிடும் என்றுதான் பலர் பயப்படுகிறார்கள். முதல் மூன்று மாதத்தில் கொப்புளிப்பான் வருவதால் கருச்சிதைவு கூடுவதாகத் தெரியவில்லை. பயப்பட வேண்டியது வேறு. தாயின் இரத்தத்திலிருந்து வைரஸ் நச்சுக்கொடியைக் கடந்து பிள்ளைக்குப் போனால், மிகச் சில பிள்ளைகளில், நரம்பு போகும் வழியில் தோலில் தழும்பு, ஒரு கை அல்லது கால் வளர்ச்சி குன்றுதல், கண் பாதிப்பு, மூளை வளர்ச்சியில் குறை ஆகியவை ஏற்படலாம்.

‘மிகச் சில’ என்றால் எத்தனை? முன்பு சொன்ன அதே ஆய்வில் கொப்புளிப்பான் வந்த 1,373 கர்ப்பிணிகள் இருந்தார்கள். 13 வாரத்துக்கு முன் வந்தவர்களின் பிள்ளைகளில் 0.4 சதவீதத்துக்கு இந்தக் குறைபாடு வந்தது, அதாவது 250 பேரில் ஒருவருக்கு. 13க்கும் 20க்கும் இடைப்பட்ட வாரங்களில் 2 சதவீதம், நூறில் இரண்டு. 20 தாண்டினால் மிக அரிது. 28க்குப் பிறகு இந்தக் குறைபாடுகளைப் பற்றி யோசிக்கத் தேவையில்லை. வாரத்தைக் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும்.

18 வாரத்தில் இருந்தவளுக்கு நூறில் இரண்டு என்று சொன்னதும் அழத் தொடங்கிவிட்டாள். நான் மற்றப் பக்கத்தால் சொன்னேன்: வருத்தம் வந்தாலும் நூறில் 98 பிள்ளைகள் இந்தக் குறை இல்லாமல் பிறக்கிறார்கள், உனக்கு இன்னும் வருத்தமே வரவில்லை. இரண்டும் ஒரே கணக்குத்தான். ஆனால் பயந்து போயிருக்கிற ஒருத்திக்கு எந்தப் பக்கத்தை முதலில் சொல்கிறோம் என்பதில் வித்தியாசம் இருக்கிறது. கொப்புளிப்பான் வந்த ஒரே காரணத்துக்காகக் “கலைச்சு விடு” என்று சொல்லும் சொந்தக்காரரின் வாயை அடைக்கவும் இந்த எண்கள் உதவும்.

20 வாரத்துக்குள் வந்திருந்தால், வருத்தம் மாறி ஐந்து கிழமையாவது கழித்து விரிவான ஸ்கான் ஒன்று செய்வார்கள். உடனே செய்தால் எதுவும் தெரியாது. தழும்போ வளர்ச்சிக் குறையோ தெரிய அவ்வளவு காலம் எடுக்கும். “வருத்தம் வந்து ஒரு மாதமாகியும் ஸ்கான் எடுக்கேல்ல” என்று சண்டை பிடிக்காதீர்கள், அந்தத் தாமதம் வேண்டுமென்றே வைப்பது.

பிறக்கிற கிழமை

கடைசி மாதத்தில் கணக்கு தலைகீழாக மாறும். இப்போது உறுப்புக் குறைக்கு இடமில்லை, ஆனால் பிறந்த பிள்ளைக்கே கொப்புளிப்பான் வரலாம்.

தாய்க்குக் கொப்புளம் போட்டு ஏறக்குறைய ஒரு கிழமையில் அவள் உடம்பு பிறபொருளெதிரியைச் செய்து நச்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்கும் அனுப்பிவிடும். அந்த ஒரு கிழமை கிடைத்தால் பிள்ளை கவசத்தோடு பிறக்கும். கிடைக்காவிட்டால் வைரஸ் மட்டும் போய்ச் சேரும், கவசம் போகாது. பிள்ளை பிறப்பதற்கு ஐந்து நாள் முன்பிலிருந்து பிறந்து இரண்டு நாள் வரை தாய்க்குக் கொப்புளம் போட்டால் அதுதான் மிகப் பயங்கரமான இடைவெளி. சிகிச்சை இல்லாத அந்தக் காலத்தில் அப்படித் தொற்றிய பச்சைப்பிள்ளைகளில் பத்தில் மூன்று வரை இறந்தன என்று பழைய பதிவுகள் சொல்கின்றன. இன்று இம்யூனோகுளோபுலினும் அசைக்குளோவிரும் இருக்கின்றன. ஆனால் பிள்ளை வைத்தியர்களின் கண்ணுக்கு முன் இருக்க வேண்டும்.

அதனால் திகதி குறித்து வைத்த சிசேரியன் இருந்தால், தாய்க்கும் பிள்ளைக்கும் வேறு ஆபத்தில்லாத பட்சத்தில், கொப்புளம் போட்டு ஏழு நாளாவது தள்ளிப்போடப் பார்ப்பார்கள். பஞ்சாங்கத்தில் நல்ல நாள் பார்த்துக் கொடுத்த வீட்டார் இதில் இடைஞ்சல் செய்யக் கூடாது. அந்த ஏழு நாளும் பிள்ளைக்குக் கவசம் தைக்கிற நாள்.

தாய்ப்பால் கொடுக்கலாம். மார்பில், முலைக்காம்புக்குப் பக்கத்தில் கொப்புளம் இருந்தால் அந்தப் பக்கப் பாலைப் பிழிந்து கொடுப்பது பற்றி மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வேப்பிலையும் குளிசையும்

சின்னம்மா ஆரம்பத்தில் ஒன்று சொன்னார். “அம்மாள் வந்த கதையை ஆஸ்பத்திரியில சொல்லக்கூடாது, மருந்து எடுத்தா அம்மாள் கோவிப்பா.” நான் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலுக்கு நடந்து போய் வளர்ந்தவள். உப்புநீரில் விளக்கெரிவதைக் கைகூப்பிக் கும்பிட்டவள். அந்த நம்பிக்கையை யாரிடமும் விடச் சொல்ல என்னால் முடியாது.

சொல்லப்போனால் எங்கள் வழக்கத்தில் பாதி நல்ல சுகாதாரம். வாசலில் வேப்பிலை கட்டினால் வீட்டுக்குள் யாரும் வரமாட்டார்கள், வருத்தக்காரர் தனிய இருப்பார், கடைசியில் தண்ணி வார்க்கும் வரை வெளியே போகமாட்டார். பொருக்கு விழும் வரை ஒதுங்கி இரு என்றுதான் வைத்திய விதியும் சொல்கிறது. இளநீரும் கஞ்சியும் நல்லது, உடம்பில் நீர் குறையாமல் காக்கும்.

கவனிக்க வேண்டிய இடங்கள் உண்டு. வேப்பிலையால் தேய்க்காதீர்கள், கொப்புளம் உடைந்தால் கிருமி ஏறும். பக்கத்தில் வைத்திருங்கள், போதும். மஞ்சளை அரைத்து உடைந்த புண்ணில் அப்பாதீர்கள். கடிக்குக் கலமைன் பூசலாம். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். இளஞ்சூட்டுத் தண்ணீரில் உடம்பைக் கழுவித் துவாயால் ஒற்றி எடுப்பதில் ஒரு குற்றமும் இல்லை. மச்சம் மாமிசம் நிறுத்துவது உங்கள் வீட்டு வழக்கம் என்றால், பிள்ளைத்தாச்சிக்குப் பருப்பு, உளுந்து, பயறு, பால் கூட்டிக் கொடுங்கள். குடல் காய விட்டுவிடாதீர்கள். கிளினிக்கில் தந்த இரும்புக் குளிசையை நிறுத்தச் சொல்லி அம்மாள் கேட்பதில்லை.

அதோடு, அம்மாள் வந்த வீட்டுக்காரருக்கும் ஒரு வேண்டுகோள். அயலில் வயிற்றோடு ஒருத்தி இருந்தால், சொல்லிவிடுங்கள். சின்னவனின் தாய் கொப்புளம் கண்ட அன்று காலையே வேலிக்கு இந்தப் பக்கம் வந்து சொன்னதால்தான் என் தங்கச்சிக்கு எல்லா நாளும் கையில் இருந்தது. ஒளித்திருந்தால் பத்து நாள் போயிருக்கும்.

பிள்ளை வருமுன்

இதை வாசிக்கிறவர் இன்னும் கர்ப்பமாகவில்லை என்றால் உங்களுக்கு ஒரு வழி கூடுதலாக இருக்கிறது, தடுப்பூசி. ஜப்பானிய வைத்தியர் மிச்சியாக்கி தக்காஹாஷி தன் மூன்று வயது மகன் கொப்புளிப்பானால் பட்ட பாட்டைப் பார்த்த பிறகு, 1974இல் உருவாக்கியது. இலங்கையில் அரசாங்கம் இலவசமாகப் போடும் ஊசிப் பட்டியலில் இது இல்லை, தனியாரில் காசு கொடுத்துத்தான் போட வேண்டும். வளர்ந்தவருக்கு இரண்டு ஊசி, நாலிலிருந்து எட்டுக் கிழமை இடைவெளி. உயிருள்ள, பலம் குறைத்த வைரஸ் என்பதால் கர்ப்பமாக இருக்கும்போது போடக் கூடாது, போட்டு ஒரு மாதமாவது கர்ப்பம் தரிக்காமல் இருக்க வேண்டும். தெரியாமல் போட்டுவிட்டால் பதறாதீர்கள், வைத்தியருக்குச் சொல்லுங்கள். அதற்காகக் கர்ப்பத்தைக் கலைக்கத் தேவையில்லை. வசதி இல்லாதவர்கள், வீட்டில் மற்றப் பிள்ளைகளுக்கு வந்திருக்கிறதா, அம்மாவின் ஞாபகம் என்ன என்பதையாவது கலியாணத்தோடேயே கேட்டு எழுதி வையுங்கள். இப்போது எங்களிடம் அட்டை இருக்கிறது, அதைத் தொலைக்காமல் வைக்க வீடும் இருக்கிறது.

என் தங்கச்சி 4ஆம் திகதி இரவே மிட்வைஃபுக்குச் சொன்னாள். அடுத்த நாள் காலை, கிளினிக் கூட்டம் சேருமுன் தனியே கூப்பிட்டு இரத்தம் எடுத்து வெளியே அனுப்பினார்கள். 10ஆம் திகதி முடிவு வந்தது. பிறபொருளெதிரி நன்றாக இருக்கிறது. செட்டிகுளத்தில் வந்தது கொப்புளிப்பான்தான். சின்னம்மா போனை வாங்கி, “அப்ப அந்தக் காம்பில வந்ததுதான் இப்ப காப்பாத்தினதோ?” என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, நேர்த்தி வைத்தாகிவிட்டது, வைகாசியில் வற்றாப்பளைக்குப் போகத்தான் வேணும் என்றார்.

அவள் நாட்காட்டியில் 13ஐயும் 24ஐயும் சுற்றிய சிவப்பு வட்டம் மாதம் முடியும் வரை அப்படியே இருந்தது. அதற்குள் சின்னவனுக்குத் தண்ணி வார்த்து, பொருக்கெல்லாம் விழுந்து, வேலிப் பொட்டுக்குள்ளால் வந்து மறுபடியும் அவள் மடியில் ஏறிவிட்டான்.